தவளை பார்க்கப் போகிறவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளட்டும்

மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. புளோக்குக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் கிளம்பும். ஒன்று ஆரம்பித்தால் போதும், அடுத்த நிமிடம் இருபது சேர்ந்துகொள்ளும். ஐந்தாம் மாடியில் சன்னலைச் சாத்தினாலும் கேட்கும். சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக்குள், இந்நேரத்தில் மாடு ஏது? பழுப்பு முதுகின் இரண்டு பக்கமும் வெளிர்பட்டை ஓடும், உருண்டையான, குட்டைக்கால் தவளைதான் அது. கலூலா புல்க்ரா என்பது அறிவியல் பெயர். தமிழில் காளைத்தவளை என்று சொல்லலாம். மழையில்லாத நாள்களில் பின்னங்காலால் மண்ணைத் தோண்டி உள்ளே புதைந்து கிடக்கும். அப்போது தேடினால் கிடைக்காது. கத்தினால்தான் மாட்டிக்கொள்ளும். 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று சொல்லி வைத்தவர் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தவளை பார்க்கும் இரவு நடைகளுக்குப் பதிவு செய்கிறவர்களில் பலர் டார்ச், கேமரா, காலணி என்று கண்ணுக்கும் காலுக்கும் தயாராகி வருகிறார்கள். காதுக்குத் தயாராகி வருபவர் அபூர்வம். ஆனால் காட்டில் ஒரு நல்ல வழிகாட்டி செய்வதில் பாதிக்கு மேல் கேட்கிற வேலைதான். கண் என்பது, காது இடத்தைச் சொன்ன பிறகு சரிபார்க்கப் போகிற கருவி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த நாளில் போவது, யாரோடு போவது, என்ன எடுத்துப்போவது எல்லாமே கொஞ்சம் மாறிவிடும்.

எந்த இரவு?

ஏறக்குறைய 30 வகைத் தவளைகளும் தேரைகளும் இந்தச் சின்னத் தீவில் இருக்கின்றன. அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது திட்டமிட உதவும். முதல் கூட்டம் மழைக்காகக் காத்திருப்பவை. காளைத்தவளையும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான மைக்ரோஹைலா சிறுதவளைகளும் இதில் சேரும். கனமழை பெய்து குட்டை நிறைந்தால் ஓரிரண்டு இரவுக்குள் கத்தி, சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அவசரத்துக்குக் காரணம் உண்டு: தேங்கிய தண்ணீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தவளையாகிவிட வேண்டும். காளைத்தவளையின் முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். சுமார் இரண்டு வாரத்தில் கால் முளைத்துக் கரையேறிவிடும். ஆகவே மூன்றாம் நாள் போய் நின்றால் குட்டை வெறிச்சோடிக் கிடக்கும்.

இரண்டாவது கூட்டம் காட்டு ஓடையை நம்பி வாழ்பவை. ஓடை வற்றாதவரை அவற்றுக்கு அவசரமில்லை. மழை இல்லாத இரவிலும் ஒன்றிரண்டு குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். அனுமதியோடு காட்டுக்குள் போகும் நடை என்றால் நேற்று மழை பெய்ததா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பூங்காவில் நடக்கும் நடை என்றால் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

மாதக் கணக்கில் சொன்னால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட காலத்தை விட்டுவிடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் மாலை நேர இடிமழை; டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதப் பிற்பகல் மழையும் நல்லதுதான். பிப்ரவரியில் வாரக்கணக்கில் மழை இல்லாமல் புல் காய்ந்து கிடக்கும்போது நடத்தப்படும் நடைகளில் தேரையும் பல்லியும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிவரும்.

மழை பெய்து கொண்டிருக்கும்போதே போகலாமா? வேண்டாம். இலையில் விழும் சொட்டுச் சத்தம் எல்லாக் குரலையும் அமுக்கிவிடும். மின்னலும் இங்கே விளையாட்டில்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மரங்களுக்கிடையில் நுழைய வேண்டும். மைஎன்வி செயலியில் மழை ராடாரைப் பார்த்தால் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். மாலை 4 மணிக்குக் கொட்டி 6 மணிக்கு விட்டுவிட்ட மழைதான் தவளைக்காரர்களுக்கு லாட்டரி.

ஏழு மணிச் சிக்கல்

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கிறது. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மெக்ரிட்சியைச் சுற்றிய மத்திய நீர்ப்பிடிப்புக் காடும் காலை 7 முதல் இரவு 7 மணி வரைதான் திறந்திருக்கும். விண்ட்சர், டெய்ரி ஃபார்ம், தாம்சன் போன்ற இயற்கைப் பூங்காக்களுக்கும் அதே நேரம். நம் ஊரில் சூரியன் மறைவதோ ஆண்டு முழுக்க 6.45-க்கும் 7.20-க்கும் இடையில். அதாவது தவளை கண் விழிக்கும்போது வாசல் மூடிவிடும். அந்த நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். கொம்புத் தவளை, செம்புக்கன்னத் தவளை போன்ற காட்டுவாசிகளைப் பார்க்க முறையான வழிகாட்டி நடை தேவைப்படுவதற்கு முதல் காரணமே இதுதான். வழி தெரியாதது இரண்டாவது காரணம்.

அனுமதியில்லாமல் இருட்டில் பார்க்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன. பூமலை (தாவரவியல் தோட்டம்) நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும். ஏரிக்கரைகளில் பச்சைத்தவளையும், மழை பெய்திருந்தால் காளைத்தவளையும் கிடைக்கும். பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பலகைப் பாதையில் நண்டுண்ணித் தவளையைத் தேடலாம். தவளை என்றாலே நன்னீர் என்ற பொதுவிதிக்கு விலக்கு அது. உடம்பில் யூரியாவைச் சேர்த்துவைத்துக்கொண்டு உப்பு கலந்த தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். அதன் தலைப்பிரட்டைக்கும் உப்புத்தண்ணீர் தாங்கும். பீஷான் அங் மோ கியோ பூங்காவும் ரயில் பாதைப் பசுமைத் தடமும் தொடக்கக்காரர்களுக்குப் போதுமான இடங்கள்.

நீ சூன் சதுப்புக்காடு? பெயரைக் கேட்டு ஆசைப்படாதவர் இல்லை. அது பொதுமக்களுக்குத் திறந்த இடமில்லை, பக்கத்தில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிப் பகுதி வேறு. யாராவது "நான் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று காசு கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

யாரோடு போவது?

ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் சிங்கப்பூர் என்ற அமைப்பின் தொண்டூழியர்கள் ஊர்வனவற்றுக்கும் தவளைகளுக்குமென்றே பொது நடைகள் நடத்துகிறார்கள். இடங்கள் குறைவு, சமூக ஊடகத்தில் அறிவித்ததும் சீக்கிரம் நிரம்பிவிடும். நேச்சர் சொசைட்டியும் தேசியப் பூங்காக் கழகமும் அவ்வப்போது நடத்துபவை உண்டு. கட்டணம் வாங்கும் தனியார் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். கட்டணம் வாங்குவது தப்பில்லை. பதிவு செய்வதற்கு முன் நாலு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எட்டு முதல் பத்து வரை சரி. பதினைந்தைத் தாண்டினால் கடைசியில் நிற்பவர் தவளை இருந்த இலையை மட்டும்தான் பார்ப்பார். வரிசையின் வாலில் இன்னொரு உதவியாளர் வருவாரா? இருட்டில் ஆள் எண்ணிக்கை குறைவது முன்னால் போகிறவருக்குத் தெரியாது. அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? நேர்மையானவர் தயங்காமல் பதில் சொல்வார். தவளையைக் கையில் எடுத்துக் காட்டுவீர்களா? இந்தக் கேள்விக்கு "ஆமாம், பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம்" என்று உற்சாகமாகப் பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். காரணம் பிறகு வருகிறது.

'குறைந்தது பத்து வகை உறுதி' என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம். தவளை யாரிடமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில்லை. பூங்கா நடையில் நாலைந்து வகை பார்த்தால் நல்ல இரவு. காட்டு நடையில் ஏழெட்டு வகை என்றால் ரொம்ப நல்ல இரவு.

தூரத்தை வைத்தும் வழிகாட்டியை எடைபோடலாம். இரண்டு மணி நேரத்தில் 4 கிலோமீட்டர் என்று அட்டவணையில் இருந்தால் அது உடற்பயிற்சி. தவளைக்கு 600 மீட்டர், மிஞ்சிப்போனால் ஒரு கிலோமீட்டர் போதும்.

பையில் என்ன?

நெற்றி விளக்கு ஒன்று, 200 முதல் 300 லூமென், சிவப்பு ஒளி வசதியோடு. ஆயிரம் லூமென் டார்ச் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அது தவளையைக் குருடாக்குவதோடு பக்கத்தில் நிற்பவரின் இருட்டுப் பார்வையையும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் கெடுத்துவிடும். மாற்று பேட்டரி. விரல் மூடிய காலணி, முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் காலுறை. குடை வேண்டாம், மழை அங்கி போதும். குடை பிடித்த கையால் டார்ச் பிடிக்க முடியாது, கிளையிலும் மாட்டும். ஒரு லிட்டர் தண்ணீர். கைபேசியை வைக்க ஜிப் பை. அவ்வளவுதான். டப்பா, வலை எதுவும் எடுத்துவராதீர்கள்.

கொசுமருந்துதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்யும் இடம். டெங்கி உள்ள ஊரில் மருந்து பூசாமல் வரச் சொல்ல முடியாது. ஆனால் தவளைக்குத் தோல் வெறும் போர்வையல்ல. அதன் வழியாகத்தான் தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சும் விடுகிறது. உள்ளங்கையில் டீட் கலந்த கொசுமருந்து பூசிய கையால் ஒரு தவளையைத் தொட்டால் மருந்து அப்படியே உள்ளே போகும். ஆகவே எம்ஆர்டி நிலையத்திலேயே, நடை தொடங்க அரைமணி முன்பு, சட்டைக்கும் கால்சட்டைக்கும் கழுத்துக்கும் மருந்தை அடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பாதையில் நின்று புஸ் புஸ் என்று அடிப்பது, அதுவும் பலகைப் பாதையின் கைப்பிடிமேல் படும்படி அடிப்பது, தவளைக்கு நேரடியாக விஷம் தெளிப்பதற்குச் சமம். கைப்பிடிமேல் உட்காரும் தவளைகள் உண்டு.

இருட்டில் முதல் பத்து நிமிடம்

நுழைந்தவுடன் டார்ச்சை வீசி வீசித் தேடுவது வீண். நல்ல வழிகாட்டி முதல் நீர்நிலைக்குப் பத்து மீட்டர் முன்பே எல்லோரையும் நிறுத்தி விளக்குகளை அணைக்கச் சொல்வார். மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. நாம் நடந்து வந்த அதிர்வில் வாயடைத்துப்போன தவளைகள் மறுபடி தொடங்க அந்த நேரம் தேவை. முதலில் சில்வண்டு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். அதைக் காது பழகி ஒதுக்கித் தள்ளிய பிறகு, அதற்கடியில் விட்டு விட்டு வரும் குரல்கள் தனித்தனியாகப் பிரியும்.

'கிர்ர்ர்ர்' என்று நீளமாக இழுப்பது ஆசியத் தேரை. மின்தூக்கி வாசலில் விளக்கடியில் பூச்சி தின்பதும் இதுதான். வாத்து ஒரே ஒருமுறை 'க்வாக்' என்று சொல்லிவிட்டு யோசிப்பதுபோல இருந்தால் நாற்கோட்டு மரத்தவளை. சீப்பின் பல்லை நகத்தால் வருடுகிற சத்தம் வந்தால் மைக்ரோஹைலா. சத்தம் பெரிது, ஆள் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். காட்டு ஓடையோரத்தில் கோழிக்குஞ்சு கீச்சிடுவதுபோலக் கேட்பது செம்புக்கன்னத் தவளை. தரையிலிருந்து உலோகத்தைத் தட்டினாற்போல 'கோங்க்' என்று ஒற்றை அடி விழுந்தால், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம்: கொம்புத் தவளை.

குரல் வரும் திசையை ஒருவர் மட்டும் நின்று கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இருவர் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நின்று, கத்தும்போது குரல் வரும் பக்கம் கையை நீட்ட வேண்டும். இரண்டு கையும் நேர்கோடாக நீண்டால் சந்திக்கும் இடத்தில்தான் தவளை இருக்கும். அதன் பிறகு விளக்கைப் போட்டால் போதும். தனியாக இருந்தால் தலையை மெதுவாக இடவலமாகத் திருப்பி, இரண்டு காதிலும் சத்தம் சமமாகும் திசையைப் பிடிக்கலாம்.

விளக்கைப் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம். டார்ச்சை இடுப்பில் வைத்தால் கண்ணின் மினுக்கம் தெரியாது. புருவத்துக்குப் பக்கத்தில், பார்வையும் ஒளியும் ஒரே கோட்டில் போகும்படி பிடிக்க வேண்டும். அப்போது தவளையின் கண் மங்கலான மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ திரும்பி ஒளிரும். பச்சையும் நீலமுமாக வைரப்பொடிபோல மின்னும் சின்னப் புள்ளிகள் சிலந்திக் கண்கள். முதல் நடையில் எல்லோரும் சிலந்தியைத்தான் அதிகம் கண்டுபிடிப்பார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலாபுறமும் வெளிச்சம் பாய்ச்சாமல் அடுக்கடுக்காகப் பாருங்கள்: முதலில் தண்ணீர் விளிம்பு, அடுத்து சருகு, அடுத்து முழங்கால் உயர இலைகள், கடைசியில் மரத்தண்டும் தலை உயரக் கிளையும்.

கொம்புத் தவளையைப் பொறுத்தவரை இதெல்லாம்கூடப் போதாது. கண்ணிமைக்கு மேலே இரண்டு கூர்முனை, மூக்கின் நுனியில் ஒன்று. முதுகின் மடிப்புகள் காய்ந்த இலையின் நரம்பு மாதிரி. நிறம் நேற்று விழுந்த சருகின் நிறம். வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டிய பிறகும் பத்துப் பேரில் நாலு பேர் "எங்கே, எங்கே?" என்பார்கள். சருகுக்குள் சருகாக உட்கார்ந்திருக்கும் அதைக் கண்டுபிடிக்கும் வழி, இலையைத் தேடாமல் நிழலைத் தேடுவது. டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் உண்மையான சருகு மெல்லிய நிழலையும், தவளை கனத்த நிழலையும் போடும். பாதையை விட்டு இறங்கத் தோன்றும், இறங்காதீர்கள். நீங்கள் மிதிக்கப்போகும் சருகில் இன்னொன்று இருக்கலாம்.

லோங்காங்கில் (கால்வாயில்) ஒரு நுரைக்கூடு

காட்டுக்குப் போகாமலே பார்க்கக்கூடிய அற்புதம் ஒன்று உண்டென்றால் நாற்கோட்டு மரத்தவளையின் கூடுதான். பெயரை நம்பி முதுகில் நாலு கோட்டை எண்ணாதீர்கள். பல தவளைகளுக்குக் கோடே இருக்காது, சிலவற்றுக்கு மங்கிய பெருக்கல் குறி மட்டும் இருக்கும். விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெண் தவளை தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையையோ, சிமெண்டுக் கால்வாய்ச் சுவரையோ, யாரோ மறந்துபோன வாளியின் விளிம்பையோ தேர்ந்தெடுக்கும். ஒட்டும் திரவத்தைச் சுரந்து பின்னங்காலால் முட்டை அடிப்பதுபோல அடிக்கும். கடலை மாவைக் கரைத்து நுரைக்க அடித்தாற்போல வெள்ளையாகத் தொடங்கி, காற்றுப் பட்டதும் மேல்தோல் இறுகி, மறுநாள் இளமஞ்சள் கட்டியாக நிற்கும். உள்ளே ஈரம் காயாது. சில நாளில் பொரிந்த குஞ்சுகள், மழை நுரையைக் கரைத்ததும் கீழே தண்ணீரில் சொட்டும். அந்தத் தலைப்பிரட்டைகளின் மூக்கு நுனியில் வெள்ளிப் புள்ளி ஒன்று இருக்கும். கால்வாய் ஓரத்தில் நின்று டார்ச் அடித்தால் கலங்கல் தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நகர்வது தெரியும்.

இந்த நுரையை அழுக்கு என்று நினைத்துத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவுகிறவர்கள் பலர். தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.

எதெல்லாம் கெடும், ஏன்?

கூட்டமாகச் சூழ்ந்துகொள்வதுதான் முதல் கேடு. ஒரு தவளை கிடைத்ததும் பத்து டார்ச்சும் அதன்மேல் விழும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அவ்வளவு வெளிச்சம் பட்டால் தவளை உறைந்து உட்கார்ந்துவிடும். "பாருங்கள், எவ்வளவு அமைதியாகப் போஸ் கொடுக்கிறது!" என்று மகிழ்வோம். அது அமைதியல்ல, பார்வையிழப்பு. நாம் போன பிறகும் சற்று நேரம் இரையும் தெரியாது, பாம்பும் தெரியாது. ஒரே ஒரு விளக்கு, அதுவும் பக்கத்திலிருந்து. இருவர் இருவராக முன்னால் வந்து அரை நிமிடம் பார்த்துவிட்டு ஒதுங்குவது. மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் நகர்ந்துவிடுவது. படம் எடுப்பவருக்கு நாலு சொடுக்கு. ஃபிளாஷுக்கு முன் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ இருந்தால் ஈரத் தோலில் வெள்ளைத் திட்டு விழாது, படமும் நன்றாக வரும். கைபேசி என்றால் நண்பர் பக்கவாட்டில் டார்ச் பிடிக்க, இரண்டு மடங்கு ஜூமில் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

இணைசேர்ந்திருக்கும் ஜோடியைக் கண்டால் ஒளியை உடனே திருப்பிவிட வேண்டும். ஆண் பிடியை விட்டால் அந்த இரவு அவற்றுக்கு வீண்.

கைபேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவைத்துத் தவளையை வரவழைப்பதைச் சிலர் வித்தையாகக் காட்டுகிறார்கள். ஆண் தவளைக்கு அது எல்லைக்குள் நுழைந்த எதிரியின் குரல். பதிலுக்குக் கத்திக் கத்தி, தேவையில்லாத சக்தியைச் செலவழிக்கும். செய்யும் வழிகாட்டியிடம் வேண்டாம் என்று சொல்லலாம்.

தொடுவது பற்றி. மருந்து பூசிய கை ஆபத்து என்று பார்த்தோம். மருந்தில்லாத கையிலும் உப்பும் சூடும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் கைட்ரிட் பூஞ்சை. தவளைத் தோலைத் தாக்கி, உலகின் பல நாடுகளில் இனங்களையே அழித்த நோய் அது. ஈரக் கையும் சேறு ஒட்டிய காலணியும் அதற்கு வாகனம். வேறு நாட்டுக் காட்டிலிருந்து, ஜொகூரிலிருந்துகூட, திரும்பியவர் அதே காலணியில் இங்கே நடக்கும் முன்பு சேற்றைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, அடிப்பாகத்தில் 70 சதவீத எத்தனால் தெளித்து ஒரு நிமிடம் விட்டு, வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். சேற்றோடு மருந்து தெளிப்பதில் பயனில்லை. சேறுதான் பூஞ்சைக்குக் கவசம். அந்தப் பூஞ்சைக்கு ஈரமில்லாமல் காய்வது ஆகாது என்பதால் முழுதாகக் காய்வது மருந்தளவுக்கு முக்கியம்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது பாட்டி காலத்துப் பயம், உண்மையில்லை. ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரியும். நாயோடு இரவு நடை போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கவ்விய நாய் வாயில் நுரை தள்ளினால் வாயைத் துடைத்துக் கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

பாம்பு? தவளை இருக்கும் இடத்தில் அதைத் தின்பவையும் இருக்கும். காட்டில் வேக்லர் குழிவிரியன் ஆள் உயரக் கிளையில் அசையாமல் நாள்கணக்கில் இருக்கும்; சதுப்புநிலத்தில் அதற்கு ஒன்றுவிட்ட உறவான கரையோரக் குழிவிரியன். துரத்திவந்து கடிப்பவை அல்ல. பார்க்காமல் கைவைப்பவரைத்தான் கடிக்கும். ஆகவே விதி ஒன்றே ஒன்று: விளக்கு படாத இடத்தில் கை படக்கூடாது, கைப்பிடியாக இருந்தாலும் சரி. கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம், கையைக் காலை அசைக்காமல் வைத்து 995-ஐ அழைக்க வேண்டும்.

மழைக்குப் பிந்தைய பலகைப் பாதை பாசியால் வழுக்கும். இரவு நடையில் அடிபடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாம்பால் அல்ல, இதில் வழுக்கித்தான் அடிபடுகிறார்கள் என்பது அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வது. மேலே பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். பார்க்க வேண்டுமானால் நில்லுங்கள், நடக்க வேண்டுமானால் தரையைப் பாருங்கள்.

விசாகத் தினத்தை ஒட்டி இன்னொன்று. புண்ணியம் என்று நினைத்து ஈரச்சந்தையில் உயிரோடு விற்கும் அமெரிக்கக் காளைத்தவளையை வாங்கி நீர்த்தேக்கத்தில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடு மாதிரிக் கத்தும் நம் ஊர்த் தவளை வேறு, பண்ணையில் வளர்ந்த இது வேறு. பெரும்பாலும் பட்டினியில் சாகும். தப்பிப் பிழைத்தால் மற்றத் தவளைகளைத் தின்னும், தான் நோயால் சாகாமலே கைட்ரிட்டைச் சுமந்து பரப்பும். காட்டுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு

இங்கே ஐந்தாறு நடை போய்ப் பழகியவர்கள் அடுத்துச் சரவாக் போகலாம். கூச்சிங் பக்கத்தில் உள்ள குபா தேசியப் பூங்காவில் தவளைக் குட்டை என்றே பெயர் வைத்த இடம் ஒன்று மலைப்பாதையோரத்தில் இருக்கிறது. அதே மலையில்தான் குடுவைத் தாவரத்தின் குடுவைக்குள் முட்டையிடும் மைக்ரோஹைலா ஒன்றை 2010-இல் விவரித்தார்கள். வளர்ந்த ஆண் 10.6 முதல் 12.8 மில்லிமீட்டர். அதையும் முதலில் காட்டிக்கொடுத்தது குரல்தான். சாயங்காலம் குடுவைகளுக்குள்ளிருந்து கரகரவென்று வந்த சத்தம். இங்கே மைக்ரோஹைலாவின் சீப்புச் சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

பார்த்ததைப் பதிவு செய்வது பற்றிச் சொல்லிவிட்டால் முடிந்தது. படம் எடுத்தவர்கள் உயிரினப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் ஏற்றலாம். காட்டு இனங்களுக்கு இடக்குறியை மறைத்து ஏற்றுங்கள், பிடித்து விற்பவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். படம் கிடைக்கவில்லையென்றால் கைபேசியின் ஒலிப்பதிவைத் திறந்து, குரல் வரும் பக்கம் நீட்டி, கையை அசைக்காமல் 30 விநாடி. தொடக்கத்தில் தேதி, மணி, இடம் மூன்றையும் மெல்லச் சொல்லிவிடுங்கள். அப்புறம் யாரும் பேச வேண்டாம், காலைக்கூட மாற்றி வைக்க வேண்டாம். சருகு நொறுங்குகிற சத்தம் மைக்ரோஹைலா குரலை அப்படியே விழுங்கிவிடும்.